பாரமில்லாத காரும் பழைய கொட்டர்பின்னும்

மகன்,

போன கிழமை நீ தொலைபேசியில், "அப்பா, பெட்டியெல்லாம் இங்கிலாந்தில இருந்து வந்திட்டுது. கலியாணத்துக்கு முதல் ரெண்டு பேருமாச் சேர்ந்து பூட்டி முடிப்பம். வாறீங்களோ?" என்று கேட்டாய். நான் "பாப்பம்" என்று சொல்லி ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஊரில் பதினாறு வயதிலிருந்து கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன், இந்த நாட்டுக்கு வந்தபிறகு சொந்தக் காருக்குச் சக்கரம் மாற்றவும் ஆள் கூப்பிடுகிறான் என்று நீ இருபது வருடமாக என்னைப் பகிடி பண்ணுகிறாய். நானும் சிரித்துக்கொண்டிருந்துவிட்டேன். இப்போது நீயே ஒரு காரைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறாய். அதுவும் நான் ஒருகாலத்தில் பூட்டிய அதே வகைக் கார். கதவில்லை, கூரையில்லை, ஆளை நிலத்தோடு நிலமாக இருத்தி வைத்து முன்சக்கரங்களை வெளியே துருத்தி விட்ட கார். இனியும் சிரித்துச் சமாளிக்க என்னால் முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ ஸ்டியரிங்கை இடப்பக்கம் வைத்து எடுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். நல்லது. அந்தக் காரில் காற்றும் புகைக்குழாயின் சத்தமும் ஒன்றாக அடிக்கும். உனக்கு இடது காது கேட்காது. வலது காது நீ கட்டப்போகிறவளின் பக்கம் இருந்தால்தான் அவள் சொல்வது உனக்கு விளங்கும். அந்தக் காதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ பதினைந்து வயதில் ஒருநாள் என்னிடம், "ஏன் எங்களைக் கூப்பிட அவ்வளவு காலம் எடுத்தனீங்கள்?" என்று கேட்டாய். குடிவரவுக் கந்தோரில் அலுவல் இழுபட்டது என்றேன். அது அரைவாசிதான் உண்மை. மற்ற அரைவாசியை உனக்கும் சொல்லவில்லை, உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை.

நான் இந்தப் பீல் நகருக்கு வந்து சேர்ந்தபோது நீ தவழத் தொடங்கியிருக்கவில்லை. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. மணிக்கூட்டுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர் ரூடியையும் அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள். முப்பது வருடம் மணிக்கூட்டுக்கு அச்சு வெட்டிய மனிதர். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல், பின்னால் இருந்த கொட்டிலில் இங்கிலாந்திலிருந்து வந்த பெட்டிகளைப் பிரித்து ஒரு கார் பூட்டத் தொடங்கினார். மனைவி மார்கிரிட்டுக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக்கூடாது. அதைக் 'குளிக்கும் தொட்டி' என்றுதான் சொல்வாள். அவள் சொன்னதிலும் பிழையில்லை. நாங்கள் இரண்டு பேர் குனிந்து பிடித்தால் முன்பக்கத்தை அப்படியே தூக்கி நகர்த்தி வைக்கலாம், அவ்வளவுதான் அதன் பாரம்.

ஒருநாள் குப்பை போடப் போனபோது கொட்டில் திறந்திருந்தது. ரூடி ஒரு ஸ்டியரிங் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்த்ததும் உறவுக்காரனைக் கண்டதுபோல இருந்தது. பழைய மொரிஸ் மைனரின் பெட்டி அது. யாழ்ப்பாணத்தில் அதைக் கழற்றிப் பூட்டாத மெக்கானிக் இல்லை. நான் அதை வாங்கி, கழற்றி, துடைத்து, பூட்டிக் கொடுத்தேன். அவர் என் கைகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் கிடைக்கும் மூன்று மணித்தியாலமும் நான் கொட்டிலில்தான் இருந்தேன். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நட்டையும் இறுக்கியதும், நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் சிவப்பு மையால் ஒரு மெல்லிய கோடு இழுக்கவேண்டும். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியவன்தான் கோடு இழுக்கவேண்டும், வேறு யாரும் இழுக்கக்கூடாது. இரண்டாம் மாதம் அவர் மைச் சீசாவை என் கையில் தந்தார். அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்த நாட்டில் என்னை ஒரு தொழில்காரனாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

ரூடியின் தங்கை மகன் உர்ஸ் ஊருக்கு வெளியே ஒரு கராஜ் வைத்திருந்தார். "கார் மலையேறி இறங்கட்டும், உன்ர வேலை விசயமா உர்ஸிட்டக் கதைக்கிறன்" என்று ரூடி சொல்லியிருந்தார். ஒரு முதலாளி, தொழில் தெரிந்த ஆளாக என்னை நிரந்தரமாக எடுக்கிறேன் என்று கடிதம் எழுதித் தந்தால், குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பத்துக்கு அது பெரிய பலம் என்று எங்களைப் போன்ற அகதிகளுக்கு உதவி செய்த பெண்மணி சொல்லியிருந்தார். அனுமதி கிடைத்தே இருக்கும் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அன்று நான் அதை முழுதாக நம்பினேன். அம்மாவோடு கதைப்பதென்றால் அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு நல்லூரில் தொலைபேசி இருந்த ஒரு கடைக்குப் போய்க் காத்திருக்கவேண்டும். "இஞ்ச ஒவ்வொரு நாளும் ஆமியின்ர ஹெலிகொப்டர் சுத்துது. பிள்ளை சத்தத்துக்கு வாய் பேசாமல் கிடக்கிறான். எப்பிடியும் இந்த வருசம் கூப்பிடுவீங்களோ?" என்று கேட்டாள். "ஓம், ஒரு கடிதம் வரப்போகுது" என்றேன்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். கார் அரசாங்கப் பரிசோதனையில் முதல் தடவையே தேறிவிட்டது. மலைக்குப் போவதற்கு முதல்நாள் சனிக்கிழமை, இடது முன்சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனையில் இருக்கும் ரப்பர் உறை வெடித்திருப்பதை ரூடி கண்டு, மாற்றச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அதை மாற்ற முனையின் நட்டைக் கழற்றவேண்டும். அந்த நட்டு தளராமல் இருக்க, குறுக்கே ஒரு சின்னப் பின்னைச் செருகி இரண்டு காலையும் மடக்கி விடுவோம். கொட்டர்பின் என்று சொல்வது அதைத்தான். ஒருதரம் மடக்கியதை நிமிர்த்தினால் அது குப்பைக்குத்தான். இது எனக்குத் தெரியாததா? ஆனால் எங்கள் ஊர்க் கராஜில் புதுப் பின்னுக்கு எங்கே போவது? சாமான் வராத காலத்தில் ஒரே பின்னை நாலு தரம் சுத்தியலால் தட்டி நிமிர்த்திப் பாவித்துத்தான் நான் தொழில் பழகினேன். ரூடியின் மேசை லாச்சியில் புதுப் பின்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. எனக்கு முன்னால்தான் அந்த லாச்சி. என் கை அதற்குப் போகவில்லை. பழையதை எடுத்து, தட்டி, செருகி மடக்கினேன். ஒரு கால் முறிந்து கையோடு வந்தது. மற்றக் கால் போதும் என்று நினைத்தேன். வேலைக்கும் நேரமாகிவிட்டது. சிவப்பு மை எடுத்துக் கோட்டையும் இழுத்துவிட்டு ஓடினேன்.

ஞாயிறு காலை நல்ல வெயில். பீலுக்கு மேலே உள்ள மலைக்கு ரூடியும் நானும் காரில் போவது, மார்கிரிட்டை உர்ஸ் தன் காரில் ஏற்றிவருவது, இறங்கும்போது மட்டும் மார்கிரிட் ரூடிக்குப் பக்கத்தில் இருப்பது, நான் உர்ஸின் காரில் வருவது என்று ஏற்பாடு. என்னோடு வேலை விசயம் கதைக்கத்தான் உர்ஸ் அப்படிக் கேட்டார். அந்தக் காரில் போவது வேறு விதமான அனுபவம், நீ இனித்தான் அறியப்போகிறாய். கையை வெளியே விட்டால் தார் றோட்டைத் தொடலாம். பக்கத்தில் லொறி வந்தால் அதன் சக்கரத்தின் நடு உன் கண்ணுக்கு நேரே சுற்றும். ரூடி சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு ஓட்டினார். காடு தொடங்கி நாலைந்து வளைவு ஏறியிருப்போம். அவர் சிரிப்பை நிறுத்தித் தலையைச் சரித்தார்.

"ஏதோ டிக் எண்டுது. கையில தெரியுது."

"புதுக் கார்தானே" என்றேன் எனக்குத் தெரிந்த ஜெர்மனில். "எல்லாம் கொஞ்சம் ஓடித்தான் சரிவரும்."

அவர் நம்பினார். நான் சொன்னால் நம்புவார். எனக்கோ அந்த நிமிசமே முதல்நாள் முறிந்து கையோடு வந்த பின்னின் கால் ஞாபகம் வந்தது. பாரமான கார் ஒரு பிழையை ஆயிரம் மைல் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும். இந்த வகைக் காரில் பிழை உடனே ஓட்டுகிறவனின் கைக்கு வந்துவிடும். மிச்ச வளைவுகள் எல்லாவற்றிலும் நான் இடது சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிறுத்துங்கோ என்று சொல்ல எனக்கு வாயில்லையா? இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவில் சொல்வோம் என்று நினைத்தேன்.

மேலே உணவகத்துக்கு முன்னால் நிறுத்தியதும் ரூடி மற்றவர்களைத் தேடி உள்ளே போனார். நான் சப்பாத்து நாடா கட்டுவதுபோலக் குந்தியிருந்து பார்த்தேன். பின் இல்லை. நான் இழுத்த சிவப்புக் கோடு இரண்டாக உடைந்து, நட்டிலிருந்த பாதி, கால்வாசிச் சுற்றுத் தள்ளிப் போயிருந்தது. விரலால் தொட்டால் நட்டு சுற்றியது. இறங்கும் வழியில் அது முழுதாகக் கழன்றால் தண்டு விழும், சக்கரம் தன்பாட்டில் திரும்பும், மலைப்பக்கமா பள்ளத்துப் பக்கமா என்பது அந்த நேரத்து விதி. அப்போதுகூட நான் உள்ளே போய்ச் சொல்லவில்லை. மாட்டு வேலியில் தொங்கிய ஒரு துண்டுக் கம்பியை முறித்து எடுத்து, நட்டை விரலால் இறுக்கி, ஓட்டைக்குள்ளால் கம்பியை விட்டு முறுக்கினேன். ஊரில் கம்பியோடு ஓடிய கார்களை எண்ணிக்கொண்டேன். கிளிநொச்சி வரைக்கும் போய் வந்த கார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போய் மேசையில் இருந்தேன்.

சூப் வந்தது. பார்லி சூப். உர்ஸ் எனக்கு எதிரே இருந்தார். நல்ல மனிதர், வார்த்தை குறைவு. ஊரில் என்னென்ன வேலை செய்தேன், எத்தனை வருடம் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். "வாற திங்கள் வா. கடிதத்தையும் அண்டைக்கே எழுதுவம்" என்றார். மகன், நான் அந்தச் சூப்பைக் கடைசிக் கரண்டி வரைக்கும் குடித்தேன். கம்பி பிடிக்கும், பிடிக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு குடித்தேன். பயந்த அளவுக்குச் சந்தோசமும் இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன். நீயும் அம்மாவும் விமானத்திலிருந்து இறங்கி வருவது என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

வெளியே வந்தோம். மார்கிரிட் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கதவில்லாத காருக்குள் ஏறத் தெரியாமல் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். ஐம்பது தாண்டிய மனுசி. மெல்ல இறங்கி இருக்கையில் இருந்துகொண்டு, என் கையை விடாமல் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"இவரை நான் நம்ப மாட்டன். நீ பூட்டின கார்தானே. பயமில்லைத்தானே?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்கு நான் வாயைத் திறந்தும்விட்டேன். "இறங்குங்கோ" என்றுதான் வந்தது. அவளுக்கு விளங்கவில்லை. "இறங்குங்கோ, தயவுசெய்து இறங்குங்கோ" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

ரூடி இயந்திரத்தை நிறுத்தினார். நான் இடது சக்கரத்தைக் காட்டினேன். அவர் முழங்காலில் இருந்து பார்த்தார், கம்பியைக் கழற்றினார், நட்டை ஒரு விரலால் சுற்றினார். "இது எப்ப கட்டினது?" என்று மட்டும் கேட்டார். "சாப்பிட முதல்" என்றேன். முந்தினநாள் நடந்ததையும் சொன்னேன். அவர் அந்தக் கம்பியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எழும்பி, புல்வெளிப் பக்கம் போய் நின்றார். காரை அங்கேயே விட்டுவிட்டு நாலு பேரும் உர்ஸின் காரில் இறங்கினோம். மார்கிரிட் வழி முழுக்கத் தலைத்துணியை அவிழ்க்கவில்லை.

வீட்டு வாசலில் உர்ஸ் என்னைத் தனியே நிறுத்தினார். "சொன்னனி, அது நல்லது" என்றார். "பின் விசயத்தில எல்லாருக்கும் பிழை வரும். ஆனா நீ கம்பியைக் கட்டிப்போட்டு வந்து, எனக்கு முன்னால இருந்து சூப் குடிச்சு முடிச்சனி. எங்கட கராஜுக்குச் சனம் பிள்ளைகளை ஏத்திற கார்களைக் கொண்டு வருது. என்னால ஏலாது." ரூடி புதுப் பின்னோடு போய்க் காரை இறக்கி வந்தார், என்னோடு கதைப்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் மைச் சீசாவை அதற்குப் பிறகு அவர் என் கையில் தரவில்லை, நானும் கொட்டிலுக்குப் போகவில்லை. அந்த ஞாயிறோடுதான் கார் என்றால் கை வைக்காதவனானேன்.

கடிதம் வரவில்லை. விண்ணப்பம் பலமில்லாமல் போய்த் திரும்பி வந்தது. பிறகு தொழிற்சாலையில் வேலை, வேறு விண்ணப்பம், வேறு காத்திருப்பு என்று மூன்று வருடத்துக்கு மேல் போனது. அதற்கு நடுவில்தான் பக்கத்து வீட்டு வளவில் ஷெல் விழுந்தது. உனக்கு நாலு வயது. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது உன் இடது காதால் இரத்தம் வந்ததாம். எனக்கு அது இரண்டு கிழமை கழித்துக் கடிதத்தில் தெரிந்தது. சூரிச் விமான நிலையத்தில் நீ வந்து இறங்கியபோது உனக்கு ஆறு வயது. நான் உன் இடப்பக்கம் நின்று "தம்பி, அப்பா வந்திருக்கிறன்" என்றேன். நீ திரும்பவில்லை.

அன்றிலிருந்து அந்த மலையை நான் மனதுக்குள் எத்தனையோ தரம் ஏறி இறங்கிவிட்டேன். லாச்சியைத் திறந்து புதுப் பின் எடுத்திருக்கலாம். டிக் என்று கேட்ட வளைவிலேயே நிறுத்தச் சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லியிருந்தால் உர்ஸ் ஒருவேளை என்னை எடுத்திருப்பார். ஆனால் நான் அதிகம் நினைத்தது இவை இரண்டையும் அல்ல. கம்பி பிடித்திருக்கும், அந்த மனுசியைப் பேசாமல் போகவிட்டிருக்கலாம் என்பதைத்தான் அதிகம் நினைத்தேன். நீ பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் வாயைப் பார்த்து விளங்கிக்கொண்ட நாட்களில், உனக்குக் கேட்கிறதா என்று நான் உரக்கக் கத்திப் பார்த்த நாட்களில், அவளைப் போகவிட்டிருக்கலாம் என்று மனமார நினைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த நினைப்பு இன்னும் முழுதாக என்னை விட்டுப் போகவில்லை. நீ உன் காரைப் பூட்டும்போது பழைய பின்னைத் தொடாதே, வளைவுக்குள் பிரேக் பிடிக்காதே, மழையில் வேகம் காட்டாதே என்று நான் நூறு புத்தி சொல்லலாம். அதெல்லாம் உன் புத்தகத்திலேயே இருக்கும். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பிழை கைக்குத் தெரிந்த நிமிசத்தில் வாயைத் திற. பக்கத்தில் யார் இருந்தாலும் திற. நான் சாப்பாடு முடியும்வரை பொறுத்தேன், அதில் போனது உன் மூன்று வருடம்.

இதை அனுப்பமுதல் நேற்றுப் பின்னேரம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் நடுவில் கத்தியை வைத்துவிட்டாள். முப்பது வருடமாகச் சொல்லாததற்கு ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"அந்த மனுசி இப்பவும் இருக்கிறாவோ?" என்று கேட்டாள்.

"ஓம். ரூடி செத்து ஆறு வருசம். அவ இஞ்சதான், முதியோர் இல்லத்தில."

"பிள்ளையள் இருக்கினமோ?"

"இல்லை. தனியத்தான்."

அவள் வெட்டிய மரக்கறியை ஒருபக்கம் ஒதுக்கினாள். "என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ" என்றாள். "என்ர பிள்ளையின்ர காது போய் ஆர் மிஞ்சினது எண்டு நான் பாக்கவேணும்."

அதில் கோபம் எவ்வளவு, வேறு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது. வருகிற ஞாயிறு போகிறோம். நீ இருக்கும் வில் நகரிலிருந்து காலை ரயிலில் ஏறினால் மத்தியானத்துக்கு முதல் வந்துவிடலாம். நீயும் வா. வந்து அந்த மனுசியின் முகத்தைப் பார். பிறகு சொல், உன் காரில் நான் கை வைக்கலாமா என்று.

அப்பா